சங்கச் சந்தா கட்டினால் சலுகை வருமா?

கேள்வி: நான் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். அகில இந்திய முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்றின் மாவட்டக் கிளையில் சேரச் சொல்லி வாழ்நாள் சந்தாவாக 2,500 ரூபாய் கேட்கிறார்கள். சேர்ந்தால் ராணுவக் கேன்டீன், இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம், டோல்கேட் விலக்கு எல்லாம் சுலபமாகும் என்கிறார் ஒருவர். நாமே தனியாக ஒரு சங்கம் தொடங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். வருடத்துக்கு இரண்டு நாள் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு நின்றுவிட எனக்கு மனமில்லை, ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் பகுதியில் சி.ஆர்.பி.எஃப்.-இல் இருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களையும் சேர்க்கலாமா? வழி சொல்லுங்கள்.

பதில்: சந்தாவுக்கும் சலுகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்களுக்கு வர வேண்டியதெல்லாம் உங்கள் சர்வீஸுக்காக வருவது. முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தருகிறது. ஓய்வூதியத்தை ஸ்பர்ஷ் தளம் வழியாகப் பாதுகாப்புக் கணக்குத் துறை அனுப்புகிறது. இ.சி.எச்.எஸ். அட்டையோ கேன்டீன் ஸ்மார்ட் கார்டோ வாங்க எந்தச் சங்கத்தின் சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. டோல்கேட் விஷயம் அதைவிடத் தெளிவு: அந்த விலக்கு பணியில் இருப்பவர்களுக்கானது, ஓய்வு பெற்றவர் தன் சொந்தக் காரில் போகும்போது அது கிடையாது. சங்க அட்டையை நீட்டி டோல்கேட்டில் வாக்குவாதம் செய்தால் பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன்தான் மிச்சம். சலுகையைச் சொல்லி ஆள் சேர்க்கும் பொறுப்பாளருக்குத் தன் அமைப்பு எதற்காக இருக்கிறது என்பதே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சேரவே வேண்டாமா? சேருங்கள் என்றுதான் சொல்வேன். தனி ஆளாக நின்று கேட்க முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் (எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே தொகை) என்ற திட்டம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போனது இந்தியன் எக்ஸ்-சர்வீஸ்மென் மூவ்மென்ட் என்ற அமைப்புதான். 2022 மார்ச் 16-ல் வந்த தீர்ப்பு அவர்கள் கேட்ட அனைத்தையும் தரவில்லை, திட்டத்தின் அடிப்படையை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆனால் 2019 ஜூலை 1 முதல் ஓய்வூதியத்தை மறுநிர்ணயம் செய்து நிலுவையைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எந்தச் சங்கத்திலும் இல்லாதவர் கணக்கிலும் அந்த நிலுவை ஏறியது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் முயற்சியில் 1964-ல் உருவான இந்தியன் எக்ஸ்-சர்வீசஸ் லீக், விமானப்படையினருக்காக 1980-ல் தொடங்கிய ஏர் ஃபோர்ஸ் அசோசியேஷன் போன்றவையும் இப்படிக் கூட்டுக் குரலுக்காகத் தோன்றியவைதான். ஆனால் டெல்லியில் நடக்கும் வேலை ஒன்று, கருங்கல்லில் நடக்க வேண்டிய வேலை வேறு. உங்கள் ஆசை இரண்டாவதைப் பற்றியது என்பதால் அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

அதற்குமுன் அந்த மாவட்டக் கிளையைச் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். பதிவு எண் என்ன, எந்த ஆண்டு பதிவானது, பதிவு தாய் அமைப்பின் பெயரிலா கிளையின் பெயரிலா என்று கேளுங்கள். பல இடங்களில் தாய் அமைப்பின் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு கிளை பதிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது தாய் அமைப்பு இந்த ஆண்டு கொடுத்த இணைப்புக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம் இப்போதைக்கு ஒன்றையும் நிரூபிக்காது. கடைசியாகத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, கடைசியாக நடந்த பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகம், இப்போதைய நிர்வாகிகள் தேர்வான தேதி, இந்த மூன்றையும் பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பத்து ஆண்டுகளாக ஒரே தலைவர், ஒரே செயலாளர், நடுவில் தேர்தல் நடந்த தடயமே இல்லை என்றால் அங்கே உங்கள் 2,500 ரூபாய் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரசீது தாய் அமைப்பின் பெயரில் வருகிறதா, கிளையின் பெயரில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ரசீதே இல்லாமல் 'பிறகு தருகிறோம்' என்றால் பணமும் பிறகு தருவதாகச் சொல்லிவிடலாம்.

தனிச் சங்கம் தொடங்குவதைப் பற்றி: ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் 20 பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். தொடங்குவதில் சிரமம் இல்லை, நடத்துவதில்தான் சிரமம். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7-ல் தெரிவிக்க வேண்டும். நம்மாட்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தப் படிவத்தைத்தான். தலைவர் இறந்துபோவார், புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்து மாலையும் போட்டுவிடுவார்கள், பதிவேட்டில் மட்டும் பழைய பெயரே நிற்கும். வங்கியில் கையெழுத்தை மாற்றப் போனால் பதிவாளரின் சான்று கேட்பார்கள், இருக்காது, கணக்கு முடங்கும். அதற்குள் இரண்டு கோஷ்டி ஆகியிருக்கும். கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை என்று சிறுசிறு சங்கங்களாகப் பிரிந்து கிடப்பதைவிட, ஒழுங்காக நடக்கும் ஒரு மாவட்டக் கிளைக்குக் கீழே ஊராட்சி அளவில் ஒரு யூனிட்டாகச் செயல்படுவதே என் பரிந்துரை. கணக்கு, தணிக்கை, தாக்கல் எல்லாம் அவர்கள் தலையில், வேலை உங்கள் கையில். கிளை ஒழுங்காக இல்லை என்று தெரிந்த பிறகு வேண்டுமானால் தனிச் சங்கத்தை யோசிக்கலாம். அப்படித் தொடங்கினால் பெயரில் 'தேசிய', 'வாரியம்' போன்ற, அரசு அமைப்பு என்று நினைக்க வைக்கும் சொற்களைத் தவிருங்கள். லெட்டர்பேடில் இந்திய அரசின் சிங்கமுகச் சின்னத்தைப் போடுவது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். படைப்பிரிவுச் சின்னங்களையும் போடாதீர்கள்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.-இல் இருந்து வந்தவர்கள் சட்டப்படியான 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2012-ல் உள்துறை அமைச்சகம் முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர் என்று தனிப் பெயர் கொடுத்தது. நல வாரியம், கேன்டீன் எல்லாம் தனி. வாக்குரிமை இல்லாத இணை உறுப்பினராக அவர்களைச் சேர்க்கத் துணைவிதி இடம் தந்தால் தாராளமாகச் சேருங்கள், ஊர் வேலைக்கு அவர்களும் வேண்டும். ஆனால் அவர்களுடைய ஓய்வூதியத் தாள்களை நம் அலுவலகங்களுக்கு எழுதி அலைய வைக்காதீர்கள். இதோடு, அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீரர்களையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணியினரின் நான்கு ஆண்டு 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்கும். நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படாமல் திரும்புகிறவர்களுக்குத் திட்டத்தின்படி முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இருபத்தைந்து வயது இளைஞன் ஊருக்கு வந்து நிற்கும்போது எந்தச் சங்கத்தின் துணைவிதியிலும் அவனுக்கு இடமில்லை என்ற நிலை வரக் கூடாது. இணை உறுப்பினர் பிரிவை இப்போதே எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

இனி சேவைக்கு வருவோம். கடற்கரையைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, போர்வை கொடுப்பது எல்லாம் நல்லதுதான், படமும் நன்றாக வரும். ஆனால் அதை என்.எஸ்.எஸ். பிள்ளைகளும் செய்வார்கள், லயன்ஸ் கிளப்பும் செய்யும். பட்டாளத்தில் இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய சேவை ஒன்று இருக்கிறது: இறந்துபோன பட்டாளக்காரரின் மனைவிக்குக் காகித வேலை முடித்துக் கொடுப்பது. பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) என்றால் என்ன, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் எங்கே, திருமணம், பிள்ளை பிறப்பு போன்றவற்றைப் பதியும் பார்ட் டூ ஆர்டர் எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குப் பழகிய விஷயம். அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலை) வேலைக்குப் போய்வரும் அம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை. கருங்கல்லில் இருந்து நாகர்கோவில் போய்வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. அங்கே போய், 'இந்தத் தாள் இல்லையே' என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் கூலியும் போச்சு.

வேலையை ஆரம்பிக்க வேண்டியது கணவர் உயிரோடு இருக்கும்போதே. உங்கள் ஊராட்சியில் உள்ள முன்னாள் படைவீரர் வீடுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கு வகை போதும்: ஓய்வூதியம் வாங்குபவர், கைம்பெண், ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர், மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீடு. பிறகு ஒவ்வொரு ஓய்வூதியர் வீட்டிலும் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்: பி.பி.ஓ., ஆதார், வங்கிப் புத்தகம். குமரி மாவட்டத்தில் சிக்கல் முளைப்பது இங்கேதான். 1970-களிலும் 80-களிலும் பட்டாளத்துக்குப் போனவர் யூனிட் கிளார்க்கிடம் வாயால் சொன்ன பெயர், கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஏறியிருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர் 'தங்கம்', ஞானஸ்நானப் பெயர் 'மரிய தங்கம்', ஆதாரில் 'தங்கம்மாள்' என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பார். சிலருடைய ஆவணத்தில் பிறந்த தேதியே இருக்காது, வயது மட்டும் இருக்கும்.

எதை எதற்கேற்ப மாற்றுவது என்பதில் அவசரம் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். பக்கத்து இ-சேவை மையத்தில் அவசரப்பட்டு மாற்றிவிட்டு, பிறகு பள்ளிச் சான்றைப் பார்த்து இன்னொன்று மாற்ற நேர்ந்தால் வழி அடைபட்டுவிடும். ஆதாரில் மட்டும் எழுத்துப் பிழை, மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கிறது என்றால் ஆதாரைத் திருத்துங்கள். படை ஆவணம்தான் தவறு என்றால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தோடு, துணை ஆவணங்களின் நகல்களைச் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவரவர் படைப்பிரிவுக்கு அவரவர் ரெக்கார்டு ஆபீஸ்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், உங்கள் எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ. செகந்திராபாத். முகவரி மாறிப் போன கடிதம் மாதக்கணக்கில் எங்கேயோ தூங்கும். பி.பி.ஓ.-வில் மனைவி பெயரே இல்லாத பழைய ஓய்வூதியர்களும் உண்டு. அவர்கள் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கணவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சாதாரணமாக முடிகிற வேலை, அவர் இறந்த பிறகு மனைவி தன்னை மனைவி என்று நிரூபிக்கும் வழக்காக மாறிவிடும்.

பிறந்த தேதிக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், 80 வயது நிறைந்ததும் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுகிறது. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. பதிவில் பிறந்த தேதி இல்லையென்றால் கணினிக்கு அந்த அம்மாவின் வயது தெரியாது. 84 வயதுப் பாட்டி அடிப்படை விகிதத்திலேயே வாங்கிக்கொண்டிருப்பார், வீட்டில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

மரணம் நடந்த பிறகு செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். பதியும்போதே இறந்தவர் பெயர் பி.பி.ஓ.-வில் உள்ளபடி எழுதப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. அடுத்ததாக ஏ.டி.எம். கார்டு. தகவல் சேரும் வரை கணவர் கணக்கில் ஓய்வூதியம் விழுந்துகொண்டே இருக்கும், மகனோ மருமகனோ எடுத்துச் செலவு செய்துவிடுவார். நான்கைந்து மாதம் கழித்துக் குடும்ப ஓய்வூதியம் தொடங்கும்போது அந்தத் தொகை முழுவதும் அம்மாவின் பணத்தில் பிடிக்கப்படும். எனவே ஸ்பர்ஷிலும் வங்கியிலும் இறப்பை உடனே தெரிவித்துவிட்டு, அந்தக் கணக்கைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். கைம்பெண்ணுக்கு ஆதார், பான், அவர் பெயரில் இயங்கும் வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். பான் இல்லாத அம்மாக்கள் நிறைய. ஆதாரில் கைபேசி எண் இணைந்திருந்தால் வருமான வரித் தளத்திலேயே இலவசமாக இ-பான் எடுத்துவிடலாம். இறந்தவருக்கு வரவேண்டிய நிலுவைக்கு ஸ்பர்ஷில் நியமனதாரர் பதிந்திருந்தால் வேலை எளிது, இல்லையென்றால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி வர வேண்டும். நீங்களும் உங்கள் நியமனத்தை இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். ஓய்வுக்குப் பிறகு இறந்தவரின் மனைவிக்கு முதல் ஏழு ஆண்டு, அல்லது கணவர் 67 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியதோ அதுவரை உயர் விகிதம். அதன்பின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற சாதாரண விகிதம். கணவர் 70 வயதில் இறந்திருந்தால் தொடக்கத்திலிருந்தே சாதாரண விகிதம்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு அம்மாவுக்கு அதிகமாக வருகிறது, எனக்கு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற சந்தேகம் உங்கள் பக்கமே திரும்பும்.

நவம்பரில் வாழ்வுச் சான்று. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் வசதி வந்துவிட்டதால் ரேகை தேய்ந்த கைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ரப்பர் வெட்டுக்குப் போனவர்களுக்கும் அண்டி உடைத்தவர்களுக்கும் ரேகை எத்தனை முறை வைத்தாலும் விழாது. தவறு நடப்பது வேறோர் இடத்தில். ஓய்வூதியம் ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகும் செயலியில் பழைய வழக்கப்படி வங்கியையே வழங்கும் அலுவலகமாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், பி.பி.ஓ. எண்ணையும் பழையதைப் போடுவார்கள். 'வெற்றிகரமாகப் பதிவானது' என்று திரையில் வந்துவிடும், சான்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. பிறகு ஒரு மாதம் ஓய்வூதியம் நின்று அம்மா அழுதுகொண்டு வருவார். ஸ்பர்ஷின் புதிய பி.பி.ஓ. எண், வழங்கும் அலுவலகம் ஸ்பர்ஷ், இரண்டையும் சரிபார்த்து, ஏற்கப்பட்டதா என்று சில நாள் கழித்துத் தளத்தில் மறுபடி பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு மடிக்கணினி, வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் போதும். இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட ஒரு கோயில் மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ உட்கார்ந்தால் மற்றவர்கள் வரத் தயங்குவார்கள் என்பது நம் மாவட்டத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகம் அல்லது நூலகம் பொதுவானது. மேசையில் உட்காருபவருக்கு மூன்று கட்டுப்பாடு. பணம் வாங்கக் கூடாது, டீச் செலவுக்குக்கூட. ஆதார் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, வேலை முடிந்ததும் அம்மா கையிலேயே திருப்பித் தர வேண்டும். மூன்றாவது, தன் கைபேசி எண்ணை யாருடைய ஸ்பர்ஷ் கணக்கிலும் பதியக் கூடாது. 'என் நம்பரைப் போட்டுக்கோங்க அம்மா, நான் பாத்துக்கிறேன்' என்று நல்ல மனதோடுதான் ஆரம்பிப்பார்கள். முப்பது பேருடைய ஓ.டி.பி. ஒரே கைபேசிக்கு வரும், அவர் ஒருநாள் மகனோடு வெளிநாடு போய்விட்டால் முப்பது குடும்பமும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும். அம்மாவிடம் கைபேசி இல்லையென்றால் மகளுடைய எண், மகளும் இல்லையென்றால் கூட வசிக்கும் உறவினர் எண்.

ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவர்களை ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சில ஆண்டு சர்வீஸ் போட்டுவிட்டு வந்து, இப்போது 70 வயதில் கூலி வேலைக்குப் போகிறவர் உங்கள் பகுதியிலும் இருக்கலாம். அவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், கூச்சம். 65 வயது நிறைந்த, ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை இருந்த, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மத்திய அரசின் படைவீரர் வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு மாதாந்தர வறுமை உதவி தருகிறது. 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. விண்ணப்பம் இணைய வழியில், சரிபார்ப்பு நாகர்கோவில் அலுவலகத்தில். பணி விடுவிப்புப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள், கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தோடு போனால் திரும்பி வரும். அதே தேதியிலிருந்து மகள் திருமணத்துக்கான உதவி 50,000-லிருந்து ஒரு லட்சமாகவும், பிள்ளைகள் கல்வி உதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ரூபாயாகவும் உயர்ந்திருக்கிறது. பட்டப் படிப்புப் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை தனி: தொழிற்கல்வியின் முதலாண்டில் சேர்ந்தவர்கள், சேர்வதற்கு அடிப்படையான பிளஸ் டூ போன்ற தேர்வில் 60 சதவீத மதிப்பெண், மாணவிக்கு மாதம் 3,000, மாணவனுக்கு 2,500. இரண்டாம் ஆண்டில் விழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வழியில்லை, அதனால் பிளஸ் டூ முடிவு வரும் மாதத்திலேயே நோட்டைப் புரட்டி வீடுவீடாகச் சொல்லிவிடுங்கள்.

இளைஞர்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் ஆசை எல்லாச் சங்கத்துக்கும் உண்டு. 2023 முதல் ராணுவ ஆள்சேர்ப்பில் இணையவழி எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது, அதில் தேறினால்தான் மைதானமே. காலையில் ஓட வைத்துவிட்டுக் கணக்குப் பாடத்துக்கு ஆள் வைக்காவிட்டால் அந்தப் பையன்களின் காலும் வீண், உங்கள் காலையும் வீண். ரத்ததான முகாமில் நம்மில் பலருக்கு வயது இடம் தராது, 65-தான் உச்சவரம்பு. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ரத்த மையத்தோடு பேசி இடமும் ஆளும் ஏற்பாடு செய்து கொடுப்பது உங்கள் பங்கு.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் இறந்தால் பெட்டியின்மேல் தேசியக் கொடி போர்த்தச் சொல்லிக் குடும்பம் சங்கத்தைத்தான் கேட்கும். கொடிச் சட்டப்படி அரசு மரியாதை, படை மரியாதை, துணைப்படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில்தான் அது அனுமதி. ஓய்வு பெற்று வீட்டில் இறந்த ஒருவருக்குச் சங்கம் தானாகப் போர்த்துவது தவறு. எந்த நிலையிலும் கொடி குழிக்குள் இறங்கவோ சிதையில் எரியவோ கூடாது. மலர்வளையம், ஒரு நிமிட மௌனம், சங்கக் கொடி போதும். குடும்பம் அழுதுகொண்டு நிற்கும் நேரத்தில் இதை விளக்க முடியாது, ஆகவே சங்கக் கூட்டத்தில் முன்பே பேசித் தீர்மானமாக எழுதிவையுங்கள்.

கடைசியாகப் பேரிடர். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வீசியபோதும் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் ஊருக்கு வேண்டியிருந்தது மரத்தை வெட்டி வழியைத் திறக்கவும், ஆற்றோரத்து வீட்டுக்காரர்களை முன்கூட்டியே கிளப்பவும் தெரிந்த ஆட்கள். உங்களைப் போல எஞ்சினியர் படையில் இருந்த சாப்பர் ஒருவருக்கு இது கைவந்த கலை. ஆனால் பயிற்சி இருக்கிறது என்பதற்காகத் தன்னிச்சையாக இறங்கக் கூடாது. சாய்ந்த ரப்பர் மரத்தடியில் அறுந்த மின்கம்பி கிடக்கும், மின்வாரியத்தின் லைன்மேன் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக நேரில் சொல்லும்வரை செயின் சாவைத் தொடவே கூடாது. மரம் சாய்ந்து அழுத்தத்தில் வளைந்து நிற்கும்போது எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரிந்தவர் மட்டுமே வெட்ட வேண்டும், மற்றவர்கள் கயிறு பிடிக்கட்டும். 50 மீட்டர் நைலான் கயிறு இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், தடித்த கையுறை, ஹெல்மெட், முதலுதவிப் பை, இவற்றை ஒரே இடத்தில் வைத்துச் சாவியை இருவரிடம் கொடுங்கள். களத்தில் இறங்குகிறவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுப்பது சங்கத்தின் பொறுப்பு, உறுப்பினர் அட்டை காப்பீடு ஆகாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மே மாதமே கிள்ளியூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர், வயது, கைபேசி, தெரிந்த வேலை என்று ஒரு பட்டியலைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பு அங்கிருந்து வரட்டும். நீங்களாகத் தகவல் சொல்ல வேண்டியிருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.